எச்சரிக்கை: ‘கிளேஸ் காட்டன்’ பெட்ஷீட்டில் காட்டன் கிடையாது

வெயில் காலத்துக்கென்று இணையத்தில் வாங்கிய பெட்ஷீட் ஒன்று. இரண்டு தலையணை உறையோடு 1,299 ரூபாய். விற்பனைப் பக்கத்தில் எழுதியிருந்தது: ‘100% ப்யூர் கிளேஸ் காட்டன், 1000 டி.சி., கிங் சைஸ் 108×108, கூல் டச்’. வந்த துணியை டேப் வைத்து அளந்தால் 98×90 அங்குலம். சமையலறைத் தராசில் வைத்தால் விரிப்பு மட்டும் 480 கிராம். ஓரத்தில் உருவிய இழையைத் தீயருகே கொண்டுபோனதும் சுருண்டு உருகி, ஆறியபின் கறுப்பு மணியாக இறுகிவிட்டது. சுத்தமான பாலியஸ்டர். இதெல்லாம் தெரிந்தது ஒரு முறை துவைத்து, இரண்டு இரவு முதுகு நனைந்து எழுந்த பிறகுதான். விற்றவர் சொன்ன பதில்: “கிளேஸ் காட்டன்னா இப்படித்தான் இருக்கும். துவைச்சதை எடுக்க மாட்டோம்.”

அந்தப் பதிலின் முதல் பாதி உண்மை என்பதுதான் கொடுமை. கிளேஸ் என்றால் மெருகு. கஞ்சியும் மெழுகும் ஏற்றிப் பளபளப்பாக்கிய பருத்தி நூலுக்கு உரிய சொல் அது. இன்று பெட்ஷீட் சந்தையில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் பாலியஸ்டர் மைக்ரோஃபைபர், அதாவது மிக மெல்லிய செயற்கை இழைத் துணி. மொத்த வியாபாரிக்குத் தெரியும், கடைக்காரருக்குத் தெரியும், வாங்குகிறவருக்கு மட்டும் தெரியாது. ‘காட்டன் ஃபீல்’, ‘சூப்பர் சாஃப்ட் காட்டன்’ எல்லாம் இதே குடும்பம். ‘காட்டன் ரிச்’, ‘காட்டன் பிளெண்ட்’ என்றால் பாலியஸ்டர் கலந்தது. எவ்வளவு என்று சதவீதம் போடாதவரை நம்ப வேண்டாம்.

டி.சி. என்ற இரண்டெழுத்து இன்னொரு பொறி. வாங்குகிறவர் அதைத் ‘த்ரெட் கவுன்ட்’ என்று படிக்கிறார். ஜவுளிக்காரர் பேச்சில் டி.சி. துணி என்றால் டெரிகாட்டன், அதாவது பாலியஸ்டரும் பருத்தியும் கலந்தது. ‘டி.சி. காட்டன் பெட்ஷீட்’ என்று பில்லில் எழுதித் தந்தால் அவர் பொய் எழுதவில்லை. நாம்தான் வேறாகப் புரிந்துகொள்கிறோம்.

சரி, அந்த 1000 எங்கிருந்து வருகிறது? த்ரெட் கவுன்ட் என்பது ஒரு சதுர அங்குலத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு இழை எத்தனை, குறுக்கே ஓடும் ஊடை இழை எத்தனை என்று எண்ணிக் கூட்டியது. பாவு 132, ஊடை 72 என்றால் 204. 40ம் நம்பர் நூலில் இது நல்ல நெருக்கமான துணி. நூல் நம்பர் கூடக்கூட நூல் மெலிசு. 60ம் நம்பர் நூலைப் பக்கம் பக்கமாக இடைவெளியே இல்லாமல் அடுக்கினால்கூட ஓர் அங்குலத்துக்குச் சுமார் 217 இழைதான் பிடிக்கும். நெசவில் ஒவ்வோர் இழையும் குறுக்கு இழைக்கு மேலும் கீழும் ஏறி இறங்க இடம் வேண்டும். அதனால் ஒன்றுக்கு ஒன்று பின்னும் சாதா நெசவில் 60ம் நம்பர் போட்டு 300ஐத் தாண்டுவதே பாடு. 80, 100ம் நம்பர் நூலில் 400 வரை வரலாம். சாட்டீன் நெசவில் இன்னும் கொஞ்சம் ஏற்றலாம். அதற்கு மேல் போகும் எண்ணெல்லாம் கணக்கு வித்தை: நான்கு புரி முறுக்கிய ஒரு நூலை நான்கு என்று எண்ணினால் 250 ஆயிரமாகிவிடும். தறியில் பாவு இழைகள் பிரியும் ஒரே திறப்பில் நாலைந்து மெல்லிய ஊடை இழைகளைச் சேர்த்துச் செலுத்தி, அவற்றைத் தனித்தனியாக எண்ணுவதும் உண்டு. மைக்ரோஃபைபரில் ஓர் இழைக்குள்ளேயே எக்கச்சக்கமான மெல்லிய தாரைகள் இருக்கும். அவற்றை எண்ண ஆரம்பித்தால் என்ன எண் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். புரியை எண்ணி எண்ணிக்கையை ஏற்றுவது வாங்குபவரை ஏமாற்றக்கூடும் என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2005லேயே சொல்லிவிட்டது. நம் ஊர் விற்பனைப் பக்கங்களில் 1000 இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

குளிர்ச்சிக்கும் அந்த எண்ணுக்கும் நேரடி உறவு கிடையாது. சொல்லப்போனால் எதிர் உறவு. இழை நெருங்க நெருங்கக் காற்று போக வழி குறையும். தூங்கும்போது உடம்பைக் குளிர்விப்பது வியர்வையை உறிஞ்சுவதும் அதை ஆவியாக வெளியே விடுவதும்தான். பருத்தி சாதாரண ஈரப்பதத்திலேயே தன் எடையில் சுமார் 8.5% ஈரத்தைத் தனக்குள் வைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் 0.4%தான். வியர்வைக்குப் போக இடமில்லாமல் தோலிலேயே தங்கிக் கசகசக்கிறது. ஏசி அறையில் இது அவ்வளவாகத் தெரியாது. மின்விசிறி மட்டும் ஓடும் சென்னை வீட்டில் முதல் இரவே தெரிந்துவிடும்.

‘கூல் டச்’ என்பதும் முழுப் பொய் இல்லை. வழவழப்பான துணி தோலோடு ஒட்டிப் படிவதால் சூட்டைச் சட்டென்று இழுக்கும். கை வைத்ததும் ஜில்லென்று இருக்கும். சில நிமிடம் படுத்தால் துணியும் உடம்பின் சூட்டுக்கு வந்துவிடும். கடையில் கை வைத்துப் பார்ப்பது அந்தச் சில நொடிதானே, அதைத்தான் விற்கிறார்கள்.

புழுக்கத்துக்கு வேண்டியது சாதா நெசவுப் பருத்தி. ஏற்றுமதிக்காரர்கள் பெர்கேல் என்பார்கள். 40 அல்லது 60ம் நம்பர் ஒற்றை நூல், 180 முதல் 280 வரை இழை எண்ணிக்கை, சதுர மீட்டருக்கு 110 முதல் 140 கிராம். தொட்டால் மொறுமொறுப்பு, எளிதில் கசங்கும். கசங்கலைக் குறையாக நினைக்காதீர்கள், கசங்கவே கசங்காத ‘100% காட்டன்’தான் சந்தேகத்துக்குரியது. சாட்டீன் என்பது நான்கு இழைக்கு மேலே ஓடி ஒன்றுக்குக் கீழே நுழையும் நெசவு. பருத்தியிலேயே செய்வது, மினுமினுப்பாக, கனமாக, கொஞ்சம் கதகதப்பாக இருக்கும். ஏசி அறைக்குச் சரி. இதையும் ‘சாட்டின்’ என்று விற்பதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒற்றை நெடில்தான் வித்தியாசம், ஆனால் மலிவாக வரும் சாட்டின் விரிப்பு பாலியஸ்டராகவே இருக்கும்.

பொட்டலத்தைப் பிரித்ததும், துவைக்கும் முன், முதலில் எடை போடுங்கள். இதைவிடச் சுலபமான சோதனை இல்லை. 90×100 அங்குல விரிப்பின் பரப்பு 5.8 சதுர மீட்டர். நல்ல பருத்தி என்றால் தலையணை உறை சேர்க்காமல் 640 முதல் 800 கிராம் இருக்கும். 108×108 என்றால் 7.5 சதுர மீட்டர், 825 கிராமிலிருந்து ஒரு கிலோவைத் தாண்டும். மைக்ரோஃபைபர் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 80, 90 கிராம். மேலே சொன்ன 480 கிராம் விரிப்பைக் கணக்குப் போட்டால் 84 கிராம்தான் வருகிறது. நெருப்பு வைக்காமலேயே கதை புரிந்திருக்கும்.

எடை சரியாக இருந்தாலும் கஞ்சி ஏமாற்றும். மட்டமான துணியில் மாவும் களிமண்ணும் ஏற்றி மொடமொடப்பாக்கி அனுப்புவார்கள். கறுப்புத் துணிமேல் வைத்து இரண்டு விளிம்பையும் பலமாகக் கசக்குங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்தால் முதல் சலவைக்குப் பிறகு கொசுவலைதான் மிஞ்சும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் இழை சீராக ஓடுகிறதா, இடையிடையே சந்து தெரிகிறதா என்பதும் விளங்கிவிடும்.

பூப்போட்ட விரிப்பானால் பின்பக்கத்தைப் பாருங்கள். பாலியஸ்டரில் காகிதத்திலிருந்து சூடேற்றி மாற்றிய அச்சு முன்னால் கண்ணைப் பறிக்கும், பின்னால் ஏறக்குறைய வெள்ளையாக வெளிறியிருக்கும். பருத்தியில் சாயம் உள்ளே இறங்கும் ரியாக்டிவ் அச்சு பின்னாலும் ஓரளவு தெரியும். பருத்தியிலேயே பிக்மென்ட் அச்சு என்று ஒன்று உண்டு. அது மேலே பசைபோல ஒட்டியிருக்கும், அச்சு உள்ள இடம் மட்டும் விறைப்பாக இருக்கும். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் பத்துமுறை தேய்த்தால் சாயம் ஒட்டுகிறதா என்று தெரியும்.

நெருப்புச் சோதனையில் பலர் செய்யும் தவறு, ஓரத்தில் தைத்திருக்கும் தையல் நூலை உருவிக் கொளுத்துவது. அசல் பருத்தி விரிப்பிலும் தையல் நூல் பாலியஸ்டராக இருக்கலாம். மடித்துத் தைத்த இடத்துக்கு உள்ளிருந்து துணியின் இழையைத்தான் எடுக்க வேண்டும். பாவில் இரண்டு, ஊடையில் இரண்டு என்று தனித்தனியாக எடுங்கள், ஏனென்றால் ஒரு பக்கம் பருத்தியும் மறுபக்கம் பாலியஸ்டரும் ஓட்டிய துணியும் வருகிறது. மின்விசிறியை நிறுத்தி, எவர்சில்வர் தட்டுக்கு மேல், இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சுடர்விட்டு எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பலாகும். பாலியஸ்டர் தீயைக் கண்டு சுருங்கும், கரும்புகை விடும், ஆறியதும் நசுக்க முடியாத மணியாகும். இரண்டும் கலந்திருந்தால் சாம்பலுக்குள் கடினமாக ஏதோ நெருடும்.

இந்தச் சோதனைக்கு ஒரு ஓட்டை உண்டு. மூங்கில் பெட்ஷீட் என்று விற்கும் விஸ்கோஸும் காகிதம் போலத்தான் எரியும். மூங்கிலை ரசாயனத்தில் கரைத்து இழையாக இழுத்ததும் அது ரேயான்தான், மூங்கிலின் தனிக்குணம் என்று எதுவும் மிச்சமில்லை. வழவழப்பு, ஈரம் உறிஞ்சுவது எல்லாம் நன்றாகவே இருக்கும். ஆனால் நனைந்தால் பலம் வெகுவாகக் குறையும், முறுக்கிப் பிழிந்தால் சீக்கிரம் கிழியும். அந்த விலைக்கு அது தகுமா என்பது வாங்குகிறவர் முடிவு. எகிப்தியப் பருத்தி என்ற பெயருக்கோ வீட்டில் செய்யும் சோதனை எதுவும் இல்லை. 2016ல் அமெரிக்காவின் டார்கெட் கடையே, எகிப்தியப் பருத்தி என்று விற்ற சுமார் 7,50,000 விரிப்புகளிலும் தலையணை உறைகளிலும் வேறு பருத்தி இருந்ததைக் கண்டுபிடித்து, வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பிக் கொடுத்தது. அவ்வளவு பெரிய கடைக்கே அந்த கதி என்றால், ஆயிரம் ரூபாய் எகிப்தியப் பருத்தியைப் பற்றிச் சொல்லவா வேண்டும்.

அளவு விஷயம் சுருக்கமாக. ‘கிங் சைஸ்’ என்ற சொல்லை நம்பாமல் அங்குலக் கணக்கை மட்டும் பாருங்கள். மெத்தையின் அகலத்தோடு கனத்தை இரண்டுமுறை கூட்டி, சொருக இரண்டு பக்கமும் எட்டெட்டு அங்குலம் சேர்க்க வேண்டும். 72 அங்குல அகலம், 8 அங்குலக் கனம் என்றால் 104. பருத்தி முதல் சலவையில் 3 முதல் 5% சுருங்கலாம், அப்படியானால் 108க்குக் குறைந்து வாங்க முடியாது. தைப்பதற்கு முன் வெட்டிய அளவை எழுதி விற்பதும் நடக்கிறது. மடித்துத் தைத்தால் பக்கத்துக்கு ஒரு அங்குலம் போய்விடும்.

நேரில் வாங்குகிறவர்களுக்கு, ஈரோடு கனி மார்க்கெட்டானாலும் கரூர்க் கடையானாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “பாவு என்ன நூல், ஊடை என்ன நூல்?” விவரம் தெரிந்தவர் ‘நாப்பதுக்கு நாப்பது’ என்றோ ‘டூ பை ட்வென்டி’ (20ம் நம்பர் இரட்டைப்புரி) என்றோ உடனே சொல்வார். பேச்சை மாற்றி “சாஃப்டா இருக்கும் சார், எக்ஸ்போர்ட் பீஸ்” என்றால் நகர்ந்துவிடுங்கள். சென்னிமலைக் கைத்தறி விரிப்பு கனமான இரட்டைப்புரி நூல். பல வருஷம் உழைக்கும், வியர்வையை நன்றாகக் குடிக்கும், ஆனால் மழைக்காலத்தில் காய ஒரு நாளுக்கு மேல் ஆகும். பில்லில் ‘100% பருத்தி’ என்று எழுதி வாங்குங்கள். ‘காட்டன்’ என்று மட்டும் எழுதித் தருகிறவரிடம் அந்த ‘100%’ஐயும் சேர்க்கச் சொன்னால் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

ஏமாந்துவிட்டால்: துவைக்காதீர்கள், லேபிளை வெட்டாதீர்கள். விற்பனைப் பக்கத்தை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், புகார் போனதும் அங்கே ‘காட்டன்’ என்ற சொல் காணாமல் போகும். தராசில் எடை, டேப்பில் அளவு, இழை எரிவது மூன்றையும் ஒரே வீடியோவாக எடுங்கள். 2020ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்க விற்பவருக்கு உரிமை இல்லை; ‘நோ ரிட்டர்ன்’ என்று அவர் போட்டிருப்பது இங்கே செல்லாது. தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரைப் பெற்றுக்கொண்டதாக 48 மணி நேரத்தில் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ‘எங்கள் துணி பருத்திதான்’ என்று அவர்கள் சாதித்தால் கோவையிலுள்ள சிட்ரா ஜவுளி ஆராய்ச்சி நிலையம் போன்ற ஆய்வகத்தில் இழைச் சோதனை செய்து அறிக்கை வாங்கலாம். பருத்தியைக் கந்தக அமிலத்தில் கரைத்துவிட்டு மிஞ்சியதை நிறுத்துச் சதவீதம் சொல்வார்கள். அதற்கு ஒரு துண்டு வெட்டித் தர வேண்டியிருக்கும், எனவே பெரிய விரிப்பைத் தொடாமல் ஒரு தலையணை உறையை அதற்கென்று ஒதுக்கி வையுங்கள்.