எஞ்சின் இரையுது, கார் இழுக்குதில்லை: 62,500 ரூபா போன கதை

கராஜின் பெயரை நான் போடவில்லை, ஏனென்று கடைசியில் சொல்கிறேன். காலி வீதிப் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

என்னுடையது 2014 மாருதி அல்டோ 800, மனுவல் கியர். ஒரு நாள் காலையில் தெஹிவளை மேம்பாலத்தில் ஏறும்போது அக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறுகிறது, கார் அதே வேகத்தில் ஊர்கிறது. இன்னும் மிதித்தேன். இன்னும் சத்தம், அவ்வளவுதான். பின்னால் வந்த 101 பஸ்காரன் ஹோர்னில் இருந்து கையை எடுக்கவே இல்லை. என் காரில் ஆர்பிஎம் மீற்றர் கிடையாது, காதுதான் மீற்றர். பாலத்தை விட்டு இறங்கும்போது ஏதோ கருகிய வாடை வந்தது. முன்னால் போன லொறியைத் திட்டிக்கொண்டு கண்ணாடியை ஏற்றினேன். வாடை என் காருக்குள் இருந்துதான் வந்திருக்கிறது.

கராஜில் சொன்னதும் அந்த மனிதர் காரை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. “எடுக்குதில்லையா சேர்? எஞ்சினுக்குப் பவர் இல்லை, பெற்றோல் சரியாகப் போகுதில்லை” என்றார். ஸ்கான் மெஷினைக் கொழுவினார். பிழையைக் காட்டும் கோட் ஒன்றும் வரவில்லை. “அப்ப பிளக்கும் திறொட்டிலும்தான்” என்று முடிவு. ஸ்கானுக்கு 3,500, மூன்று பிளக்குக்கு 7,500, இன்ஜெக்டரும் திறொட்டிலும் கழுவ 12,000. சந்துக்குள் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார், நன்றாகத்தான் போனது. தட்டையான சந்தில் முதலாம் கியரில் எந்தக் கார்தான் போகாது?

அடுத்த நாள் அதே பாலம், அதே கூத்து. திரும்பப் போனேன். இந்த முறை பெற்றோல் பம்ப் 24,000, கூலி எல்லாவற்றுக்குமாக 15,500. பழைய பம்பைக் கேட்டேன். “அது குப்பையோடு போய்விட்டது சேர்.” மூன்றாவது தடவை போனபோது, காரின் கம்பியூட்டர் பெட்டி பழுது, பஞ்சிகாவத்தையில் செகண்ட் ஹாண்ட் ஒன்று 65,000க்கு எடுக்கலாம் என்றார். அங்கேதான் எனக்குக் கொஞ்சம் புத்தி வந்தது.

ஏன் இவ்வளவு தூரம் தலையாட்டினாய் என்று வீட்டில் கேட்டார்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்துவிட்டார்கள். அந்த ஐந்து வருடத்தில் என் பழைய அல்டோ வாங்கிய விலையை விடக் கூடிய விலைக்குப் போனது. இதை விட்டால் வேறு கார் இல்லை என்ற பயம் இருக்கிறவனிடம் கராஜ்காரர் எதையும் விற்கலாம்.

அலுவலக நண்பர் ஒருவர் மாளிகாவத்தையில் ஒரு நானாவிடம் கூட்டிப்போனார். நானா முதலில் பொனட்டைத் திறக்கவில்லை. “தம்பி, மிதிச்சா சத்தம் ஏறுதா, ஏறாம மூச்சு முட்டுதா?” என்று கேட்டார். ஏறுது என்றேன். “அப்ப எஞ்சின் நல்லா இருக்கு. எஞ்சினுக்கும் சில்லுக்கும் நடுவுலதான் கோளாறு.” 62,500 ரூபா செலவழித்தும் கிடைக்காத பதில் அந்த ஒரு கேள்வியில் வந்துவிட்டது. பெற்றோல் போகாவிட்டால் சத்தமே ஏறாது, கார் வெட்டி வெட்டி இழுக்கும். பிளக் பழுதென்றாலும் அப்படித்தான்.

நானாவுக்குச் சந்தேகம் கிளட்சில், அதாவது எஞ்சினின் பலத்தைக் கியர்பொக்ஸுக்குக் கடத்துகிற பகுதியில். பிறகு காரை வெட்டையில் நிறுத்தி, ஹாண்ட் பிறேக்கை இறுக்கி, முன்னால் ஒருவரும் இல்லை என்று பார்த்துவிட்டு, மூன்றாம் கியரில் போட்டு, கொஞ்சம் அக்சிலேட்டர் கொடுத்தபடி கிளட்சை மெதுவாக விட்டார். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் திணறி நின்றுவிட வேண்டும். என்னுடையது கிளட்சை முழுதாக விட்ட பிறகும் இரைந்துகொண்டே இருந்தது. உடனே நிறுத்திவிட்டார். இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கிற கிளட்சும் எரிந்துவிடுமாம். அடுத்து கிளட்ச் கேபிளை ஆட்டிப் பார்த்தார். கேபிள் தளர்வே இல்லாமல் இறுகியிருந்தாலும் கிளட்ச் வழுக்கும், அப்படியென்றால் நட்டைத் திருப்பினால் போதும், காசே இல்லை. என் கேபிளில் பிழை இல்லை.

கியர்பொக்ஸை இறக்கியபோது நானும் குனிந்து பார்த்தேன். கிளட்ச் பிளேட்டில் ஆணித்தலை தெரியும் அளவுக்குத் தேய்வு, மேலே கறுப்பாக எண்ணெய்ப் பூச்சு. விரலில் தொட்டு மணந்து பார்த்து, “கியர் ஒயில் இல்ல, கந்தக வாடை இல்லயே, இது எஞ்சின் ஒயில்” என்றார். எஞ்சினின் பின்பக்க ஒயில் சீல் ஒழுகி பிளேட்டை நனைத்திருக்கிறது. சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் போட்டிருந்தால் கொஞ்ச நாளில் புதுப் பிளேட்டும் ஊறியிருக்கும். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயாரிங், சீல், கூலி எல்லாம் சேர்த்து 41,000. பழைய சாமான்களைக் கேட்காமலே ஒரு பையில் போட்டுத் தந்தார்.

ஒட்டோ கியர் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஹாண்ட் பிறேக் சோதனை சரிவராது. அவர்கள் முதலில் கியர்பொக்ஸ் ஒயிலின் அளவையும் நிறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், கருகிய வாடை அடித்தால் உள்ளே ஏதோ வழுக்குகிறது. சிவிடி (பெல்ட்டில் ஓடும் ஒட்டோ கியர்) என்றால் அதற்கென்று உள்ள ஒயில்தான், சாதாரண ஒட்டோ கியர் ஒயிலான ஏடிஎஃப் ஊற்றவே விடாதீர்கள்.

வேலை முடிந்ததும், எனக்கு வந்த சந்தேகத்தில், பிளக்கையும் ஒருக்கால் பாருங்கள் நானா என்றேன். மூன்றையும் கழற்றினார். அறுகோணப் பக்கத்தில் துரு, முனை தேய்ந்து உருண்டு போயிருந்தது. புதுப் பிளக் ஒன்றைப் பக்கத்தில் வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. 7,500 ரூபா வாங்கிக்கொண்டு என் பழைய பிளக்கையே துடைத்துப் பூட்டியிருக்கிறார்கள். பம்ப் புதுசா பழசா என்று பார்க்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

முதல் கராஜ்காரருக்குப் போன் எடுத்துக் கேட்டேன். “கிளட்ச் என்று நீங்கள் சொல்லவே இல்லையே சேர்” என்றார்.

இனிப் பெயர் போடாத காரணம். என்னிடம் இருப்பது ஒழுங்கான பில் அல்ல, கொப்பித் தாளில் கிழித்த துண்டு. அதில் ‘எஞ்சின் வேலை’ என்றும் தொகையும்தான் இருக்கிறது, கராஜின் பெயர்கூட இல்லை. காசு கொடுக்கும்போதே பில் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்துக் கதைக்கலாம், ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். எனக்கு ஏழு வாரம் போய்விட்டது. கடிதம் எழுதி முடித்துவிட்டேன், அந்தத் துண்டின் போட்டோப் பிரதியும் மூன்று பிளக்கும் அதே உறைக்குள் இருக்கின்றன. திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.