மஞ்சப்பையும் மூன்று நாள் ஓடிபியும்

டொராண்டோவிலிருந்து என் சொந்த ஊர் ஏரலுக்குப் போய்ச் சேர்ந்த கதையை எழுதப்போவதில்லை. விமானம் நேரத்துக்கு வந்தது, பெட்டிகள் வந்தன, தூத்துக்குடியிலிருந்து கூட்டிவந்த கார்க்காரர் பேசிய தொகையைத்தான் வாங்கிக்கொண்டார். மூன்று வார விடுப்பில் மூன்று முழு நாளைத் தின்றது ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்து இணையதளத்தின் லாக்-இன் பக்கம். அதை எழுதித் தீர்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

2023 டிசம்பர் 17, 18 மழையை எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறக்குறைய 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொள்ள, பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள் சோறு பொங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்குள் ஜன்னல் கட்டை வரை தண்ணீர். அப்பாவும் அம்மாவும் எதிர்வீட்டு மாடியில் இரண்டு இரவு இருந்தார்கள். கைப்பேசி இணைப்பு அடியோடு போய்விட்டது. நான் டொராண்டோவில் உட்கார்ந்துகொண்டு, பத்தரை மணி நேர வித்தியாசத்தில், "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்ற குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் ஆவணங்கள் அத்தனையையும் நான் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றி வைத்திருந்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இரட்டைப் பூட்டுப் பாதுகாப்போடு. அந்த இரண்டு நாளும் அவை மிகப் பத்திரமாக இருந்தன. தேவைப்பட்டவர்கள் உட்பட யாராலும் எடுக்க முடியவில்லை.

கனடாவில் ஒவ்வொரு வீடும் 72 மணி நேரத்துக்குத் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும் என்று அரசாங்கமே சொல்லும். ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கெடாத உணவு, ரேடியோ, டார்ச். அதன்படி கையால் சுற்றினால் எரியும் டார்ச் ஒன்றை இந்த முறை அம்மாவுக்கு வாங்கிப் போயிருந்தேன். அம்மா நாலு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வெளிச்சத்துக்குச் சுற்றுவேனா, படியில் கால் வைக்கிற இடத்தைப் பார்ப்பேனா, ஐயா?" என்று கேட்டு அதைச் சாமி அலமாரியில் வைத்துவிட்டார். இன்னும் அங்கேதான் இருக்கும்.

நான் செய்ய நினைத்தது எளிய வேலை. அப்பாவுக்கு எழுபத்தாறு வயது, இதயத்தில் ஒரு ஸ்டென்ட் இருக்கிறது. அவருடைய மருத்துவக் காப்பீட்டு அட்டை வெள்ளத்தில் பீரோவோடு ஊறிக் கூழாகிவிட்டது. பாலிசியைப் புதுப்பித்தாயிற்று, அட்டைதான் வரவில்லை. ராத்திரியில் நெஞ்சு வலித்துத் திருநெல்வேலிக்கு ஓடினால் ஆஸ்பத்திரிக் கவுன்டரில் முதலில் கேட்பது அதைத்தான். அதைப் பதிவிறக்கி ஒரு பிரின்ட் எடுக்க வேண்டும், அவ்வளவே. கனடாவிலிருந்து அந்த நிறுவனத்தின் 1800 எண்ணை எத்தனையோ முறை சுழற்றியாயிற்று. கட்டணமில்லா எண் கடல் கடந்தால் பெரும்பாலும் வேலை செய்யாது என்பது நம்மில் பலருக்கும் தெரிந்ததே. நேரில் போனால் பத்து நிமிடம் என்று நினைத்தேன்.

முதலில், நான் இயந்திரம் இல்லை என்று நிரூபிக்க ஒரு கேப்ச்சா. ஆறு எழுத்துகள், அவற்றின் குறுக்கே யாரோ கோபத்தில் கிழித்ததுபோல் இரண்டு கோடுகள். மூன்றாவது இருப்பது ஆங்கிலச் சின்ன l-ஆ, பெரிய I-ஆ, எண் 1-ஆ? நாலாவது முறை தேறினேன். ஓடிபி அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது. அது அப்பாவின் கைப்பேசிக்குப் போனது. வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. கிணற்றடிக்குப் போனால் கிடைக்கும். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். நான் திண்ணையில் மடிக்கணினியோடு இருந்தேன்.

"வந்துவிட்டதா அப்பா?"

"வந்துவிட்டது."

"எண்ணைச் சொல்லுங்கள்."

பதில் இல்லை. எட்டிப் பார்த்தால் அந்தச் செய்தியை முழுசாகப் படித்துக்கொண்டிருக்கிறார். முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் வினாத்தாளைப் படித்த பழக்கம். "இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று போட்டிருக்கிறதே" என்றார்.

"நான் உங்கள் பிள்ளை அப்பா."

"யாரிடமும் என்றால் யாரிடமும்தான். போன மாதம்கூட வங்கியில் மைக் வைத்துச் சொன்னார்கள்."

அவரைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. இப்படி எண்ணைச் சொல்லித்தானே தெருவில் ஒருவர் ஓய்வூதியப் பணத்தைப் பறிகொடுத்திருந்தார். சரி, நீங்களே வந்து அடியுங்கள் என்றேன். வந்தார், ஒரு விரலால் தேடித் தேடி அடித்தார். ஐந்தாவது எண்ணில் திரை மாறியது: உங்கள் அமர்வு முடிந்துவிட்டது. மறுபடி கேப்ச்சா, மறுபடி கிணற்றடி. மூன்றாவது தடவை கணக்கையே 24 மணி நேரத்துக்குப் பூட்டிவிட்டார்கள்.

மறுநாள் கடவுச்சொல்லை மாற்றும் வழியில் போனேன். மின்னஞ்சலுக்கு இணைப்பு அனுப்பியிருக்கிறோம் என்று வந்தது. பாதி நட்சத்திரங்களால் மறைத்துக் காட்டிய அந்த முகவரி அப்பாவுடையது அல்ல, என்னுடையதும் அல்ல. பாலிசி எடுத்துக்கொடுத்த ஏஜென்ட் வசதிக்காகத் தன் மின்னஞ்சலையே போட்டு வைத்திருக்கிறார். அவர் இப்போது வேறு தொழிலில், வேறு ஊரில். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பாலிசியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை.

மாற்று வழியாகப் பாதுகாப்புக் கேள்வி ஒன்று: உங்கள் முதல் செல்லப்பிராணியின் பெயர்? ஏஜென்ட் என்ன எழுதினாரோ. அப்பா தீவிரமாக யோசித்துவிட்டு, "ஆடு சேருமா?" என்று கேட்டார்.

டொராண்டோவில் என் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை வைத்தே வருமான வரித் துறையின் தளத்துக்குள் நுழைந்துவிடுவேன். அதை அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே. சொல்லி முடிப்பதற்குள் 2022 ஜூலை 8 ஞாபகம் வந்து வாயை அடைத்தது. அன்று அங்கே ஒரு பெரிய தொலைத்தொடர்பு நிறுவனத்தின் இணைப்பு நாடு முழுக்க அற்றுப்போனது. வங்கி அட்டை கடைகளில் செல்லவில்லை, சிலருக்கு 911 அவசர எண்கூடக் கிடைக்கவில்லை. என் சட்டைப் பையில் ரொக்கமாக இருந்தது ஒரே ஒரு இரண்டு டாலர் நாணயம். இதை அப்பாவிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மழை, கரண்டும் இல்லை. உதவி எண்ணில் அரை மணி நேரம் வீணை கேட்டேன். ராகம் பிடிபடுவதற்குள் இணைப்பு அறுந்தது. அம்மாதான், "பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடையில் இன்வெர்ட்டர் இருக்கிறது, அங்கே கேட்டுப் பார்" என்றார். எனக்கு ரோஷம். பதினெட்டு வருடமாகக் கணினியில் சோறு தின்கிறவன் நான். இருந்தாலும் அப்பாவோடு குடை பிடித்துக்கொண்டு போனேன்.

கடையில் இருந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கலாம். நான் மூன்று நாள் கதையைத் தொடங்கினேன். அவள் பாதியிலேயே, "லாக்-இன் செய்யவே வேண்டாம் அண்ணாச்சி" என்றாள். அந்தத் தளத்தின் அடிமட்டத்துக்கு, பதிப்புரிமை வாசகத்துக்குப் பக்கத்தில், எறும்பு அளவு எழுத்தில் இருந்த ஓர் இணைப்புக்குப் போனாள். பாலிசி எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்தாள். அட்டை வந்துவிட்டது. பிரின்ட் பத்து ரூபாய், லேமினேஷன் முப்பது. மொத்தமே நாலைந்து நிமிடம், அதற்குள் இரண்டு பேருக்கு ஜெராக்ஸும் எடுத்துக் கொடுத்தாள்.

எனக்குச் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. முன்வாசலுக்கு ஏழு பூட்டு, கொல்லைக் கதவு சும்மா சாத்தியிருக்கிறது. பாலிசி எண்ணும் பிறந்த தேதியும் தெரிந்த எவரும் அந்த வழியாக வரலாமே! அவளிடம் இதைச் சொன்னேன். "ஆமாம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, இ-ஆதாரும் எடுத்துவிடலாமா என்று கேட்டாள்.

அதையும் எடுத்தோம். அந்தக் கோப்பைத் திறக்கப் பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த ஆண்டும் வேண்டும். அப்பாவின் இனிஷியலுக்குப் பின்னால் வரும் புள்ளியும் ஓர் எழுத்தாகக் கணக்கில் சேரும் என்பதை அவள் சொல்லித்தான் அறிந்தேன். ஓடிபி வந்ததும் அப்பா கடைக்காரப் பெண்ணிடம் கைப்பேசியைக் காட்டவில்லை. கவுன்டருக்கு உள்ளே போய்த் தானே அடித்தார். அவள் சிரிக்காமல் விசைப்பலகையை நகர்த்திக் கொடுத்தாள்.

வீட்டில் அம்மா லேமினேட் செய்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். பிறகு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய மஞ்சப்பையை எடுத்தார். ஜவுளிக்கடைப் பை, எழுத்து அழிந்துபோனது. உள்ளே பால் கவரைக் கழுவிக் காயவைத்துச் சுற்றிய பட்டா, ரேஷன் அட்டை, பாஸ்புக், பத்து ரூபாயும் நூறு ரூபாயுமாகக் கொஞ்சம் பணம், பிளாஸ்டிக் டப்பாவில் தீப்பெட்டி, அப்பாவின் மாத்திரைப் பட்டையிலிருந்து கத்தரித்து வைத்த ஒரு வாரத்துத் துண்டு. வெள்ளத்து ராத்திரியில் அம்மா எடுத்துக்கொண்டு ஏறியது இந்த ஒன்றைத்தான். அந்த இரண்டு நாளும் அப்பா மாத்திரை தவறவில்லை என்பதை இப்போதுதான் எனக்குச் சொல்கிறார். நான் கேட்டதில்லை.

டொராண்டோ திரும்பிய பிறகு ஒரு நாள், எதற்கும் அந்தக் கணக்கைச் சரிசெய்து வைப்போம் என்று மறுபடி நுழைந்து பார்த்தேன். விடிவதற்குள் அப்பாவின் அழைப்பு.

"எனக்கு ஓர் ஓடிபி வந்தது. நீயா கேட்டாய்?"

"நான்தான் அப்பா."

"அழித்துவிட்டேன்" என்றார்.