பாபநாசத்துப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரித் தேர்வு: கும்பகோணம் அரசுக் கல்லூரியும் நாங்கள் ஒதுக்கிய இரண்டும்

தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் வட்டத்துக் கிராமம் ஒன்றில் ஒன்பது மா (ஏறத்தாழ மூன்று ஏக்கர்) நிலத்தில் நெல் பயிரிடும் என் அக்காள் வீட்டில், மூத்த மகன் பிளஸ் டூ முடித்ததும் பி.எஸ்சி. கணிதம்தான் படிப்பேன் என்று உறுதியாக நின்றான். எட்டக்கூடிய நிலையில் மூன்று இடங்கள் இருந்தன: கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி, திருச்சியில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்று, ஊர் முனைக்கே பேருந்து அனுப்புவதாகச் சொன்ன சுயநிதிக் கல்லூரி ஒன்று. அவன் கும்பகோணத்தில் சேர்ந்து முதலாண்டை முடித்துவிட்டான். விண்ணப்பம், விசாரிப்பு, கலந்தாய்வு எல்லாவற்றுக்கும் அவனோடு அலைந்தவள் நான். எங்களைப் போன்ற குடும்பங்கள் ஒவ்வொரு மே மாதமும் இதே குழப்பத்தில் நிற்பதைப் பார்ப்பதால், மூன்றையும் எடைபோட்ட விதத்தை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பணம். ஆண்டுக்கு எவ்வளவு என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் காவிரி டெல்டாவில் அதற்கு இணையாகக் கேட்க வேண்டியது, எந்த மாதத்தில் கட்ட வேண்டும் என்பது. மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது மரபு. தண்ணீர் வரும் என்ற நம்பிக்கையில் உழவு, விதை, அடியுரம், நடவுக் கூலி என்று கையில் இருப்பதெல்லாம் குறுவைக்குப் போகும் அதே வாரங்களில்தான் கல்லூரிச் சேர்க்கையும் நடக்கிறது. குறுவை அறுவடைப் பணம் புரட்டாசி, ஐப்பசியில் வந்தாலும், அது பெரும்பாலும் சம்பா நடவுக்கே சரியாகிவிடும். இரண்டாம் பருவக் கட்டணத்தைக் கல்லூரி கேட்கும்போது வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும். வயலில் பயிர் தலை தூக்குமா, மூழ்குமா என்றே தெரியாது. சம்பா நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் எடை போட்டு, வங்கிக் கணக்கில் பணம் ஏறுவது தை, மாசியில்தான். ஆகவே இரு பருவக் கட்டணமும் விவசாய வீட்டில் காசில்லாத காலத்தில்தான் வந்து விழுகின்றன. நாற்பதாயிரம் ரூபாய்க் கட்டணம் நகைக்கடன் வட்டியோடு சேர்ந்து எவ்வளவாகிறது என்பதைக் கணக்கில் எடுக்காமல் கல்லூரிகளின் கட்டணங்களை ஒப்பிடுவது எங்களுக்குப் பயன்படாது.

இந்தக் கணக்கில் அரசுக் கல்லூரிக்கு நிகர் இல்லை. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் இளங்கலைக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது; சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் போன்றவை மட்டுமே உண்டு. இணைய விண்ணப்பத்துக்குப் பதிவுக் கட்டணம் 2 ரூபாயையும் சேர்த்து 50 ரூபாய் கட்டினோம்; ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டும்தான். அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்தில் செல்ல இலவசப் பயண அட்டையும் கிடைக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. இந்தத் தொகை தனியார் கல்லூரியில் சேர்ந்தாலும் கிடைக்கும் என்பதால், எந்தக் கல்லூரி என்ற முடிவுக்கு அதைக் காரணமாக்க வேண்டாம். “எங்கள் கல்லூரியில் சேர்ந்தால் அரசு பணம் தரும்” என்று சிலர் சொல்லிச் சேர்ப்பதைக் கேட்டிருக்கிறேன்; அந்தப் பேச்சில் மயங்க வேண்டியதில்லை.

சுயநிதிக் கல்லூரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கட்டிடங்கள் பளிச்சென்று இருந்தன. ஆய்வகமும் நூலகமும் குறை சொல்லும்படி இல்லை. ஆனால் அவர்கள் கொடுத்த கட்டணச் சீட்டில் கல்விக் கட்டணம் ஒரு வரியில் முடிந்திருக்க, அதன் கீழே சீருடை, வேலைவாய்ப்புப் பயிற்சி, இணையவழிச் சான்றிதழ்ப் படிப்பு, மேம்பாட்டு நிதி என்று வரிசை நீண்டது; பேருந்துக் கட்டணம் மட்டுமே கல்விக் கட்டணத்தில் பாதியைத் தாண்டியிருந்தது. தேர்வு முடிவு வந்த அன்றிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. நேரில் போனபோது சேர்க்கைப் பிரிவில் இருந்த பெண், “மேடம், டி.சி.யை மட்டும் குடுத்துட்டுப் போங்க, பணத்தை மெதுவா கட்டிக்கலாம்” என்று மிகுந்த அன்போடு சொன்னார். அக்காள் நம்பிக் கொடுத்துவிட்டாள். பிறகு கும்பகோணத்தில் இடம் கிடைத்துச் சான்றிதழைத் திருப்பிக் கேட்டபோது, முதல் பருவக் கட்டணத்தைக் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் தங்களிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே அறிவித்திருக்கிறது. அதே அறிவிப்பின்படி, சேர்க்கைக்கு அறிவிக்கப்பட்ட கடைசி நாளுக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால், 5 விழுக்காட்டுக்கு மிகாமலும் 5,000 ரூபாய்க்கு மிகாமலும் பிடித்துக்கொண்டு கட்டிய கட்டணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். அந்த அறிவிப்பை அச்செடுத்து மேசையில் வைத்து, மானியக் குழுவுக்குப் புகார் அனுப்புவதாகச் சொன்ன பிறகே சான்றிதழ் கைக்கு வந்தது. கல்வியை நம்பி வரும் குடும்பத்திடம் ஒரு நிறுவனம் இப்படி நடந்துகொள்வதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. கடைசி முடிவு எடுக்கும்வரை எந்தக் கல்லூரியிலும் நகலை மட்டும் கொடுங்கள்.

திருச்சிக் கல்லூரியின் நிலை வேறு. 1844-இல் தொடங்கிய புனித வளனார் கல்லூரி, 1919-இல் தொடங்கிய தேசியக் கல்லூரி, 1951-இல் தொடங்கிய ஜமால் முகமது கல்லூரி என்று நீண்ட மரபுள்ள உதவி பெறும் கல்லூரிகள் நிறைந்த ஊர் அது. அங்கே படிப்பது குறைவானது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இத்தகைய கல்லூரிகளில் ஒரே வளாகத்துக்குள் எய்டட் (அரசு உதவி பெறும்) பிரிவும் சுயநிதிப் பிரிவும் உண்டு. பாடமும் பட்டமும் ஒன்றாக இருந்தாலும் கட்டணத்தில் பெரிய வேறுபாடு இருக்கும். விண்ணப்பத்தில் எந்தப் பிரிவுக்குக் குறியிடுகிறோம் என்பதைக் கவனிக்காத பெற்றோர் பலர். எங்களுக்குச் சுயநிதிப் பிரிவில்தான் இடம் வந்தது. ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தூரத்தை நாள்தோறும் போய்வர இயலாது என்பதால் விடுதிக் கட்டணமும் சேர்ந்தது. எய்டட் பிரிவில் இடம் கிடைத்திருந்தால் நான் விடுதிச் செலவைத் தாங்கிக்கொள்ளச் சொல்லி அக்காளிடம் வாதாடியிருப்பேன், அது உண்மை.

தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பது போதாது. பாபநாசத்திலிருந்து கும்பகோணத்துக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். தஞ்சாவூர்–கும்பகோணம் சாலையில் பேருந்துக்குப் பஞ்சமில்லை, ரயிலும் உண்டு. கடினமான பகுதி, கிராமத்திலிருந்து பாபநாசம்வரை உள்ள சில கிலோமீட்டர்தான். இலவசப் பயண அட்டை தனியார் பேருந்திலும் மினி பஸ்ஸிலும் செல்லாது. உள்கிராமங்களுக்கு வரும் அரசு டவுன் பஸ்ஸோ நாளுக்குச் சில நடைகள் மட்டுமே. எங்கள் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருப்பவரிடம் விசாரித்தபோது, “அக்கா, சாயங்காலம் ஆறரை வண்டிய விட்டா அப்புறம் மெயின் ரோட்டுலேர்ந்து நடைதான்” என்றார். எந்த இணையதளமும் தராத தகவல் அது. அரசுக் கல்லூரிகள் பலவற்றில் காலை, பிற்பகல் என்று இரண்டு ஷிப்ட் உண்டு. பிற்பகல் ஷிப்டில் சேரும் மாணவர் மாலையில் தாமதமாகத்தான் வெளியே வருவார். கிராமத்துக்குப் போகும் கடைசி வண்டியைப் பிடிப்பது அவருக்கு அன்றாடப் போராட்டமாகிவிடும். மழைக்காலத்தில் இருட்டிய பிறகு வாய்க்கால் கரையோரம் நடந்து வருவது பெண் பிள்ளைகளுக்கு மட்டுமன்று, யாருக்குமே நல்லதன்று. எனவே கலந்தாய்வில் பாடத்தைச் சொல்லும்போதே ஷிப்டையும் கேட்டு, ஊருக்கு வரும் கடைசி வண்டியின் நேரத்தோடு பொருத்திப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். ரயிலில் செல்லும் மாணவிகளுக்கு இளங்கலை முடியும்வரை இரண்டாம் வகுப்பு மாதாந்தரச் சீசன் டிக்கெட்டை ரயில்வே இலவசமாகத் தருகிறது; கல்லூரிச் சான்று பெற்றுக் கொடுத்தால் போதும். இதைப் பயன்படுத்தாமல் பேருந்துக்குச் செலவழிக்கும் குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் நிறைய.

பொருத்தம் என்பதில்தான் நான் அதிகம் யோசித்தேன். கும்பகோணம் கல்லூரி காவிரிக் கரையில் 1854-இல் தோன்றியது. தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பெயர் பெற்றது. உ.வே. சாமிநாதையர் 1880-இல் தமிழாசிரியராகச் சேர்ந்தது இங்கேதான். கணித மாணவனுக்கு இன்னும் நெருக்கமான பெயர் ராமானுஜன். 1904-இல் உதவித்தொகையோடு இங்கே சேர்ந்த அவர், கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களில் தேறாததால் அந்த உதவித்தொகையை இழந்தார். இதை நான் பையனிடம் பெருமைக்காகச் சொல்லவில்லை. பகுதி ஒன்று தமிழும் பகுதி இரண்டு ஆங்கிலமும் அரியர் விழாமல் முடிக்க வேண்டிய பாடங்கள் என்பதற்காகவே சொன்னேன். தமிழ் வழியில் படித்துவந்த பிள்ளைக்கு முதல் பருவம் மிகவும் கடினமாக இருந்தது. நுண்கணிதத்தின் கணக்குகள் அவனுக்குப் புரிந்தன. தேற்றத்தின் வாசகம் புரியவில்லை. ஒவ்வொரு தேற்றத்தையும் இடது பக்கம் ஆங்கிலத்திலும் வலது பக்கம் தன் சொந்தத் தமிழிலும் எழுதிய ஒரு நோட்டு வைத்திருக்கிறான். முதல் பக்கங்களில் வலது பக்கம் நிரம்பி வழிகிறது, ஆண்டு முடிவில் இரண்டொரு சொற்களே இருக்கின்றன. வீட்டிலிருந்து போய்வந்ததால்தான் அந்த மாதங்களை அவனால் தாங்க முடிந்தது என்று நான் கருதுகிறேன். விடுதியில் தனியாக இருந்திருந்தால் பாதியிலேயே திரும்பியிருப்பான்.

துறையை எப்படி மதிப்பிடுவது என்று கேட்பவர்களுக்கு என் அனுபவத்தில் இரண்டு கேள்விகள் போதும். அதே பாடத்தில் முதுகலையும் ஆய்வும் அங்கே நடக்கின்றனவா? நிரந்தரப் பேராசிரியர்கள் எத்தனை பேர்? அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்களை நம்பியே பல வகுப்புகள் நடப்பது தமிழகம் முழுவதும் உள்ள குறை. அவர்களில் மிகச் சிறப்பாகக் கற்பிப்பவர்கள் உண்டு. குறைந்த ஊதியத்தில் அவர்களை ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைத்திருப்பது அவர்களுக்கும் மாணவர்களுக்கும் இழைக்கப்படும் அநீதி. கும்பகோணத்தில் இளங்கலை, முதுகலை, ஆய்வு மூன்றும் ஒரே கணிதத் துறையில் இருப்பது எங்கள் முடிவில் பெரும் பங்கு வகித்தது. மேல்வகுப்பு மாணவர்கள் இருக்கும் துறையில் ஒரு முதலாண்டு மாணவன் சந்தேகம் கேட்க ஆள் தேட வேண்டியதில்லை.

திருவாரூர் அருகே நீலக்குடியில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தையும் பட்டியலில் வைத்திருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். அதற்கு மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான கியூட் எழுத வேண்டும். பிளஸ் டூ முடிவு வருவதற்கு வெகு முன்பே விண்ணப்பக் காலம் முடிந்துவிடும். அடுத்த ஆண்டு பிளஸ் டூ எழுதும் பிள்ளைகளுள்ள வீடுகள் ஆண்டுத் தொடக்கத்திலிருந்தே அந்த அறிவிப்பைக் கவனிக்கத் தொடங்கட்டும்.

கும்பகோணத்தைச் சுற்றி நாள்தோறும் போய்வரும் தூரத்தில் இருப்பவர்களுக்கும், படிப்பைத் தானே எடுத்துச் செய்யும் இயல்புள்ள பிள்ளைகளுக்கும் இந்தக் கல்லூரியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வளாக நேர்காணல் மூலம் உடனே வேலை வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் திருச்சியில் எய்டட் பிரிவு கிடைக்குமானால் அதை முதலில் எடைபோடலாம். கலந்தாய்வில் கணிதம் போன்ற பாடங்களுக்கு நான்கு முதன்மைப் பாடங்களின் 400 மதிப்பெண்களை வைத்தும், தமிழ், ஆங்கில இலக்கியங்களுக்கு அந்தந்த மொழித்தாள் மதிப்பெண்ணை வைத்தும் தரவரிசை தயாராகிறது. உங்கள் தரவரிசைக்குரிய நாளில் மூலச் சான்றிதழ்களோடும் சேர்க்கைக் கட்டணத்தோடும் நேரில் போய்விடுங்கள். அன்று வராதவரின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.