ஒட்டு அடீனியம்: பூவின் படத்தை நம்பாமல் அடித்தண்டைப் பார்த்து வாங்க வேண்டிய செடி

பாலைவன ரோஜா என்றும் அழைக்கப்படும் அடீனியம், பருத்த அடித்தண்டு கொண்ட பூச்செடி. இணையவழியிலும் நாற்றுப்பண்ணைகளிலும் இப்போது பரவலாக விற்கப்படும் ஒட்டு அடீனியச் செடியைப் பற்றியது இந்த மதிப்புரை. மண் நீக்கிய வேரோடு செடிகளை அனுப்பும் ஒரு விற்பனையாளரிடமிருந்து அடுக்கிதழ் ரகங்கள் சிலவற்றை வரவழைத்து, வெயில், மழை, குளிர் ஆகிய எல்லாப் பருவங்களிலும் வளர்த்துப் பார்த்த பிறகே எழுதுகிறேன். நாளின் பெரும்பகுதி வெயில் விழும் இடமும் நீர் தேங்காத மண்கலவையும் உள்ளவர்கள் இந்தச் செடியைத் தயங்காமல் வாங்கலாம் என்பதே என் முடிவு. ஆனால் விற்பனைப் பக்கத்தில் இருக்கும் பூவின் படத்தை வைத்துச் செடியைத் தேர்ந்தெடுப்பது சரியாக வராது. அதன் கீழே எழுதப்பட்டிருக்கும் 'வறட்சியைத் தாங்கும்' என்ற வாசகமும் பாதி உண்மைதான்.

அடீனியத்தை விதையிலிருந்து வளர்த்தால், காடெக்ஸ் என்று வளர்ப்பவர்கள் அழைக்கும் பருத்த அடித்தண்டு அழகாக உருவாகும். தாய்ச்செடியின் பூ நிறம் மட்டும் அப்படியே வரும் என்று சொல்ல முடியாது. கிளைக்குச்சியை நட்டு வளர்த்தால் நிறம் மாறாது. அடித்தண்டோ விதைச்செடியில் பருப்பதுபோல் பருப்பதில்லை. இவ்விரண்டு குறைகளையும் ஒருசேர நீக்குவதற்காகவே, விதையில் முளைத்த வேர்ச்செடியின் தலையை வெட்டிவிட்டு, விரும்பிய ரகத்தின் குச்சியை அதன்மேல் பொருத்திக் கட்டுகிறார்கள். தைவானிலும் தாய்லாந்திலும் உருவாக்கப்பட்ட அடுக்கு ரகங்கள் பலவும் இந்த முறையில்தான் பரவின. ஆகவே நம் கைக்கு வருவது இரண்டு செடிகளின் கூட்டு. மேலே உள்ள குச்சி எவ்வளவு அரிய ரகமாக இருந்தாலும், கீழே உள்ள வேர்ச்செடி மெலிந்திருந்தால் அது ஒருநாளும் நிறைந்து பூக்காது.

செடி வந்து சேரும்போது அதன் தோற்றம் பலருக்கு ஏமாற்றம் தரக்கூடும். இலைகள் மஞ்சளாகியிருக்கும் அல்லது முற்றிலும் உதிர்ந்திருக்கும். வேர்கள் காய்ந்து, அடித்தண்டின் தோல் சற்றுச் சுருங்கியிருக்கும். இவை எதுவுமே குறையல்ல. பயணத்தின்போது ஈரமாக இருக்கும் அடீனியத்தைவிட உலர்ந்த அடீனியமே பிழைக்கும் என்பதால், நல்ல விற்பனையாளர் செடியை வேண்டுமென்றே உலரவைத்துத்தான் அனுப்புவார். நாம் பார்க்க வேண்டியது வேறு. அடித்தண்டை விரலால் சுற்றிலும் அழுத்திப் பார்க்க வேண்டும். எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சற்று இளகியிருந்தால் அது நீர்க்குறைவு. நட்ட பின் சரியாகிவிடும். ஓரிடத்தில் மட்டும் கொழகொழவென்று அமுங்கி, தோல் கருத்து, வாடையும் அடித்தால் அது அழுகல். அந்தச் செடியை ஏற்காமல் திருப்பி அனுப்புவதே சரி. அடுத்து ஒட்டுப்பகுதி. வேர்ச்செடியும் குச்சியும் ஏறத்தாழ ஒரே பருமனாக இருந்து, இணைந்த இடத்தில் இடைவெளி தெரியாமல் மூடியிருக்க வேண்டும். கட்டிய பிளாஸ்டிக் நாடா இன்னும் இருந்தால், ஒட்டு நன்றாகப் பிடித்துவிட்டது என்று தெரிந்த பின் அதை நீக்கிவிட வேண்டும். இல்லையென்றால் தண்டு பருக்கும்போது நாடா சதையை அறுக்கும். எனக்கு வந்த செடிகளில் பெரும்பாலானவை இந்தச் சோதனைகளில் தேறின. ஒன்றில் மட்டும் தடித்த வேர்ச்செடியின் ஓரத்தில் மெல்லிய குச்சி ஒட்டப்பட்டிருந்தது. அது உயிரோடு இருந்தாலும் மற்றவற்றின் வளர்ச்சியை எட்டவே இல்லை.

பூவைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். படத்தில் தெரியும் நிறம், அந்த ரகம் மிகச் சிறந்த பருவத்தில், நன்கு வேரூன்றிய செடியில் காட்டும் நிறம். புதிதாக நட்ட செடியின் முதல் பூக்கள் சிறியனவாகவும், சில சமயம் இதழடுக்குக் குறைந்தும் வருகின்றன. கடும் வெயிலில் நிறம் வெளிறுகிறது. 'கறுப்பு' என்று விற்கப்படும் ரகங்கள் உண்மையில் ஆழ்ந்த அடர்சிவப்பு. உச்சிவெயிலில் அவற்றின் இதழோரம் கருகுவதும் உண்டு. மூன்றடுக்கு ரகங்கள் கண்ணுக்கு விருந்துதான் என்றாலும், மழைநீர் இதழ்களுக்குள் தங்கிப் பூ கனத்துத் தொங்கிவிடுகிறது, சில மொட்டுகள் விரியாமலே அழுகுகின்றன. மழை நேரடியாக விழும் இடம் மட்டுமே உள்ளவர்களுக்கு ஐந்து இதழ் கொண்ட ஒற்றையடுக்கு ரகத்தையே பரிந்துரைப்பேன். அதன் எளிமையில் ஒரு தனி அழகு இருக்கிறது, பூக்களும் எண்ணிக்கையில் கூடுதல். ஒரே வேர்ச்செடியில் பல நிறங்களை ஒட்டி விற்பதையும் பார்க்கிறோம். அவற்றுள் வேகமாக வளரும் ரகம் மற்றவற்றின் பங்கையும் எடுத்துக்கொள்ளும். கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது, செய்யும் ஒவ்வொரு முறையும் அதைக் கட்டுப்படுத்திக்கொண்டே இருக்கப் பொறுமை உள்ளவர்கள் மட்டும் வாங்கலாம்.

இனி, இந்தச் செடியின் வாழ்வையும் சாவையும் தீர்மானிக்கும் மண்கலவைக்கு வருகிறேன். நாற்றுப்பண்ணைகளிலிருந்து தொட்டியோடு வாங்கினால், செடி பெரும்பாலும் தென்னைநார்க் கழிவில் இருக்கும். எடை குறைவு, வேர் விரைவில் ஓடும், ஏற்றி அனுப்ப எளிது என்பதால் பண்ணைக்கு அது பொருத்தமானது. ஆனால் தொடர்ந்து மழை பெய்யும் நாட்களில் அது நீரை நெடுநேரம் பிடித்துவைத்துக்கொள்கிறது. அடீனியத்தின் சதைப்பற்றான வேர் அந்த ஈரத்தில் அழுகிவிடும். ஆகவே அதை உதறி நீக்கிவிட்டு, கலவையில் பாதிக்குக் குறையாமல் பருமணலோ, உடைந்த செங்கல் துண்டுகளோ, பெர்லைட் எனும் எடை குறைந்த வெண்ணிறப் பாறைத்துகளோ இருக்குமாறு செய்து, மீதியில் தோட்டமண்ணும் நன்கு மக்கிய உரமும் கலந்து நடுவதே பாதுகாப்பானது. கலவை சரியாக இருக்கிறதா என்று அறிய, தொட்டியில் நீரை நிறைய ஊற்றிப் பார்க்கலாம்: மேலே தேங்காமல் உடனே அடித்துளை வழியாக ஓடிவிட வேண்டும். தொட்டி ஆழமாக இருக்க வேண்டியதில்லை. அகலமாகவும், துளைகள் தாராளமாகவும் இருந்தால் போதும். மண்தொட்டி சுவர் வழியாகவும் ஈரத்தை வெளியேற்றுவதால், அழுகலுக்கு அஞ்சுபவர்கள் அதையே தேர்ந்தெடுக்கலாம். நடும்போது முறிந்த வேர்களைச் சுத்தமான கத்தியால் நறுக்கி, வெட்டுவாய் உலரும்வரை நிழலில் வைத்திருந்து, பிறகு உலர்ந்த கலவையில் நட்டு, சில நாட்கள் கழித்தே முதல் நீரை ஊற்ற வேண்டும். செடியோடு வந்த குறிப்புச்சீட்டில் நட்டவுடன் நீர் ஊற்றச் சொல்லியிருந்தது. வெட்டுப்பட்ட வேருக்கு அந்த அறிவுரை பொருந்தாது.

'வறட்சியைத் தாங்கும்' என்பதை ஏன் பாதி உண்மை என்றேன் என்பதை விளக்க வேண்டும். ஆப்பிரிக்காவின் சஹாராவுக்குத் தெற்கே உள்ள வறண்ட பகுதிகளிலும், கிழக்கு ஆப்பிரிக்காவிலும், அரேபியத் தீபகற்பத்திலும் இயற்கையாக வளரும் இந்தச் செடி, மழைக்காலத்தில் நீரைப் பருகி அடித்தண்டில் சேர்த்துவைத்து, வறண்ட மாதங்களில் இலைகளை உதிர்த்துவிட்டு அந்தச் சேமிப்பில் உயிர் வாழ்கிறது. அதாவது, வறட்சியில் அது சாகாது. அதே வேளையில் வளர்வதுமில்லை. இலையும் மொட்டுமாகத் தழைத்து நிற்கும் வெப்பமான மாதங்களில் மண்ணின் மேற்பகுதி காய்ந்ததும் தாராளமாக நீர் ஊற்றினால் செடி தொடர்ந்து பூக்கிறது. அப்போது நீரைக் குறைத்தால் மொட்டுகள் உதிர்ந்துவிடுகின்றன. குளிர்காலத்தில் இலையுதிர்ந்து ஓய்வெடுக்கும்போது, அதே அளவு நீர் அழுகலைக் கொண்டுவரும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகும் இடங்களில் செடியை உள்ளே எடுத்துவைத்து நீரைப் பெரும்பாலும் நிறுத்திவிட வேண்டும். எல்லாப் பருவத்துக்கும் 'வாரம் ஒரு முறை' என்று எழுதித் தரும் விற்பனையாளர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்கவில்லை. நாட்காட்டியை விட்டுவிட்டு, இலை இருக்கிறதா, மண் காய்ந்திருக்கிறதா, அடித்தண்டு இறுகியிருக்கிறதா என்று பார்த்து நீர் ஊற்றுபவர்களிடம் இந்தச் செடி மிக நன்றாக வாழ்கிறது.

பூ புதிய தளிரின் நுனியில்தான் வரும் என்பதால், நீண்டு வளர்ந்த கிளைகளைக் குளிர் நீங்கியதும் வெட்டிவிடுவது பலன் தரும். ஒவ்வொரு வெட்டின் கீழும் பல தளிர்கள் பிரிந்து, செடி குட்டையாகவும் அடர்த்தியாகவும் ஆகும். ஒட்டுச்செடியில் இதைச் செய்யும்போது வெட்டு ஒட்டுப்பகுதிக்கு மேலேதான் இருக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பவை வேர்ச்செடியின் கிளைகள்; அவற்றைச் சிறு தளிராக இருக்கும்போதே கிள்ளிவிடாவிட்டால், பணம் கொடுத்து வாங்கிய ரகம் நாளடைவில் நலிந்து, வேர்ச்செடியின் பூ மட்டுமே மிஞ்சும். தழைச்சத்து மிகுந்த உரம் இலையைத்தான் பெருக்கும் என்பதால், வளரும் பருவத்தில் மட்டும், அளவோடு, தழை, மணி, சாம்பல் ஆகிய மூன்று சத்துகளும் சமமாக உள்ள உரத்தைத் தருகிறேன். மாவுப்பூச்சியும் செஞ்சிலந்தியும் வரும். இலையின் அடிப்புறத்தை அவ்வப்போது பார்த்து, தொடக்கத்திலேயே நீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன.

விற்பனையாளர்மேல் எனக்குள்ள உண்மையான குறை, செடியின் நச்சுத்தன்மையைப் பற்றி ஒரு வரிகூட எழுதாததுதான். 1760களில் ஏமனில் இதைக் கண்டறிந்த தாவரவியலாளர் பீட்டர் ஃபோர்ஸ்கால் இதற்கு அரளிப் பேரினத்திலேயே இடம் கொடுத்தார். பின்னர் 1819இல்தான் இது அடீனியம் என்ற தனிப் பேரினமானது. இன்றும் இரண்டும் ஒரே குடும்பத்தில்தான் உள்ளன, அரளியைப் போலவே இதன் சாற்றிலும் இதயத்தைத் தாக்கும் கிளைகோசைடுகள் என்ற நச்சுப்பொருட்கள் இருக்கின்றன. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் வேட்டைக்காரர்கள் அம்புமுனையில் தடவும் நஞ்சை இதிலிருந்தே எடுத்தார்கள். இதனால் செடியையே வீட்டில் வைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கவாத்துச் செய்யும்போது கையுறை அணிய வேண்டும், சாறு கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வெட்டிய துண்டுகளைக் கால்நடைகளுக்கு எட்டாமல் அப்புறப்படுத்த வேண்டும், தவழும் குழந்தையோ இலையைக் கடிக்கும் வளர்ப்பு விலங்கோ உள்ள வீட்டில் தொட்டியை உயரத்தில் வைக்க வேண்டும். இவ்வளவையும் ஒரு சிறு சீட்டில் அச்சிட்டுத் தருவது விற்பவரின் கடமை.

பூவைவிட அடித்தண்டின் வடிவத்தை விரும்புபவர்கள் ஒட்டுச்செடிக்குப் பதிலாக விதைச்செடியை வாங்குவது நல்லது. அதில் வெட்டுத் தழும்பு இருக்காது. தொட்டி மாற்றும் ஒவ்வொரு முறையும் அடித்தண்டைச் சற்று உயர்த்தி நட்டு, தடித்த வேர்களை வெளியே தெரியவைத்து, நமக்குப் பிடித்த உருவத்தைக் கொண்டுவரலாம். புதிய விதை ஒரு வாரத்துக்குள்ளாகவே முளைத்துவிடும் என்பதால் விதையிலிருந்து தொடங்குவதும் கடினமல்ல. ஆனால் அடுக்கு ரகங்களின் பெயரையும் படத்தையும் போட்டு விற்கப்படும் விதைப் பொட்டலங்களை, அந்தப் பூவே வரும் என்று நம்பி யாரும் வாங்க வேண்டாம். முளைப்பவை நல்ல செடிகளாக இருக்கலாம். என்ன நிறத்தில் பூக்கும் என்பது அவை பூக்கும்போதுதான் தெரியும்.