8,400 ரூபாய் ஆன்லைன் ஃபில்டரும் 11,500 ரூபாய் கடை ஃபில்டரும்

என் வீட்டிலும் அண்ணன் வீட்டிலும் ஒரே மாதத்தில்தான் ஆர்.ஓ. வாட்டர் ஃபில்டர் வந்தது. நான் ஃபோனில் பார்த்து 8,400 ரூபாய்க்கு ஆர்டர் போட்டேன். அண்ணன் தர்மபுரி நாலு ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் 11,500 கொடுத்து வாங்கினார். "மூவாயிரத்தைத் தூக்கிக் கடைக்காரர் கையில கொடுத்துட்டு வந்திருக்கீங்களேண்ணா" என்று அன்றைக்குச் சிரித்தவள் நான். இரண்டு வருடம் முடிந்துவிட்டது. இனிமேல் மின்சாரத்தில் ஓடுகிற சாமான் எதுவானாலும் கடையில்தான் என்று இப்போது நானே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

சின்னச் சாமான்களில் பெரிய வழக்கு எதுவும் இல்லை. ஃபோன் உறை, பிள்ளைகளுக்கு வண்ணப் பென்சில், எங்கள் பாலக்கோட்டில் கிடைக்காத பாட உரைநூல்கள் இதெல்லாம் ஆன்லைனில்தான் வாங்குகிறேன், அதில் குறையில்லை. செருப்பும் பள்ளி ஷூவும் கடையில்தான். காலில் போட்டுப் பார்க்காமல் வாங்கி இரண்டு முறை பட்டாயிற்று. துணி பாதிக்குப் பாதி. காய்கறியைப் பற்றிப் பேசவே வேண்டாம். தக்காளி மண்டி இருக்கிற ஊரில் ஆப்பில் தக்காளி வாங்கினால் ஊரே சிரிக்கும்.

ஃபில்டர் அப்படி இல்லை. எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. பல்லில் காவிக்கறையோடு ஒரு தலைமுறையே வளர்ந்திருக்கிறது. அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் வந்தது; 2013-ல் தொடங்கி வைத்தார்கள். ஆனால் எங்கள் தெருவில் அந்தத் தண்ணீர் தினமும் வருவதில்லை. வராத நாளில் போர் தண்ணீர்தான். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தோம், எங்கள் போரில் லிட்டருக்கு 2.1 மில்லிகிராம் ஃபுளோரைடு. 1.5-ஐத் தாண்டக் கூடாது.

ஆன்லைனில் முதல் வழுக்கல் இங்கேதான். விலையைக் குறைவிலிருந்து வரிசைப்படுத்தினால் மேலே வருவதெல்லாம் புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்கிற யு.வி., நுண்சல்லடையில் வடிக்கிற யு.எஃப். வகை. அவை கிருமிக்குச் சரி, ஃபுளோரைடை ஒன்றும் செய்யாது. காய்ச்சினாலும் போகாது; தண்ணீர் வற்றுவதால் அதன் அடர்த்தி ஏறத்தான் செய்யும். ஃபுளோரைடை எடுப்பது ஆர்.ஓ.தான். நான் அது தெரிந்து வாங்கினேன், தப்பித்தேன். எதிர்வீட்டில் யு.வி. வாங்கிவிட்டு, தண்ணீர் பளபளவென்று இருக்கிறது என்று இன்னமும் சந்தோஷமாக இருக்கிறார்கள். கடைக்காரர் அண்ணனிடம் கேட்ட முதல் கேள்வியே "போர் தண்ணியா, ஒகேனக்கல் தண்ணியா?" என்பதுதான். எந்த ஆப்பும் என்னிடம் அதைக் கேட்கவில்லை.

சரி, பராமரிப்புக்கு வருகிறேன். எனக்கு முடிவு சொன்னது அதுதான்.

ஆர்.ஓ. வாங்கி மாட்டியதோடு முடிகிற சாமான் அல்ல. தூசியைப் பிடிக்க வெளியே தொங்குகிற கேண்டில், உள்ளே கார்பன், அப்புறம் தண்ணீரை வடிக்கிற மெல்லிய சவ்வான மெம்பரேன். உப்புத் தண்ணீர் ஊரில் இவை மூன்றும் கம்பெனி சொல்கிற கணக்குக்கு முன்னாலேயே அடைத்துக்கொள்ளும். பெட்டியில் ஒரு வருட வாரண்டி என்று பெரிதாக எழுதியிருந்தது. கேண்டிலும் மெம்பரேனும் அதில் சேராது என்பது உள்ளே பொடி எழுத்தில் இருந்தது. எட்டாவது மாதம் தண்ணீர் நூலாக வந்து நின்றது. ஆப்பில் புகார் போட்டேன். 'உங்கள் பகுதிக்குப் பொறியாளர் நியமிக்கப்பட்டுள்ளார்' என்று செய்தி வந்தது, பொறியாளர் வரவில்லை. ஃபோன் செய்தால் சேலத்தில் இருக்கிறேன் என்றார், மறுநாள் ஓசூரில் இருக்கிறேன் என்றார். ஆறாவது நாள் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துத் தமிழிலேயே சொல்லிப் பதிவு செய்தேன். பதினோராவது நாள் ஆள் வந்தார். அந்தப் புகாரால் வந்தாரா, தானாகத்தான் வந்தாரா, சொல்லத் தெரியவில்லை. மெம்பரேனுக்கும் வந்துபோன கூலிக்குமாக 1,850.

2019 நுகர்வோர் சட்டப்படி, விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நம் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. நல்ல சட்டம்தான். ஆனால் அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது குடிக்கத் தண்ணீர்.

அண்ணன் வீட்டில் அதே கோடையில் அதே கோளாறு. கடைக்கு ஃபோன் போட்டார், மறுநாள் காலை ஒரு பையன் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.-லில் வந்து இறங்கினான். முதல் வருட சர்வீஸும் மாற்று சாமானும் அந்த 11,500-க்குள்ளேயே பேசி முடித்தது.

இரண்டு வருடக் கணக்கை நோட்டில் எழுதிப் பார்த்தேன். எனக்கு: ஃபில்டர் 8,400, முதல் ரிப்பேர் 1,850, வாரண்டி முடிந்த அடுத்த மாதமே போன அடாப்டர் 900, இரண்டாம் வருடம் மாற்றிய கேண்டில், கார்பன் எல்லாம் 1,400. ஆக 12,550. அண்ணனுக்கு: 11,500-ம் இரண்டாம் வருட சர்வீஸ் 1,100-ம், ஆக 12,600. ஐம்பது ரூபாய் வித்தியாசம்! நான்தான் ஜெயித்தேன் என்று சொல்லியிருப்பேன், தண்ணீர் கேன் கணக்கு இல்லாவிட்டால். முதல் தடவை பதினொரு நாள், அடாப்டர் வந்து சேர ஒன்பது நாள். நாளுக்கு ஒரு கேன் 35 ரூபாய் என்று 700 ரூபாய் போனது. மாடிப்படியில் கேனைத் தூக்கியது நான். அதற்குக் கூலி போடவில்லை.

கடைக்காரர்களுக்காக வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கடையில் இருந்ததே நாலு மாடல். அதில் அவருக்கு லாபம் கூடுதலாக இருக்கிற ஒன்றைத்தான் முன்னால் தள்ளி வைத்திருந்தார். அண்ணி விலை கேட்டு வந்து சொல்லியிருக்காவிட்டால் 13,000 சொல்லியிருப்பார். பில் கேட்டதற்கு 'எஸ்டிமேட்' என்று ஒரு துண்டுச் சீட்டைத்தான் நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஜி.எஸ்.டி. பில் வேண்டும், வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் வேண்டும் என்று நின்று வாங்குங்கள். பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போனால் பணம் வராது, "வேற ஏதாவது எடுத்துக்கோங்கம்மா" என்பார்கள். அந்த விஷயத்தில் ஆன்லைன்தான் உசத்தி. ஒருமுறை உடைந்து வந்த குக்கருக்கு நாலே நாளில் முழுப் பணம் திரும்பி வந்தது.

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் இரண்டையும் நான் ஆன்லைனில் வாங்கியதில்லை, அதனால் அதற்கு என் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓசூரில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தாமல் போகலாம். பெங்களூரு பக்கத்திலேயே இருக்கிறது, சர்வீஸ் ஆட்களும் கிடைப்பார்கள். நான் சொல்வது பிரதான சாலையிலிருந்து உள்ளே தள்ளி, டெலிவரி பையனே "பஸ் ஸ்டாப்புக்கு வந்து வாங்கிக்கறீங்களாக்கா" என்று கேட்கிற ஊர்களுக்கு.

என் ஃபில்டர் இன்னும் ஓடுகிறது. அண்ணனின் கடைப் பையனையே கேட்டேன். "ஆன்லைன் மிஷின் நாங்க தொட மாட்டோங்கக்கா" என்று முதலில் இழுத்தான். அப்புறம் தடவைக்கு 300 என்று ஒத்துக்கொண்டான். வெளிக் கேண்டிலை எப்படிக் கழற்றுவது என்றும் அவனே காட்டிக் கொடுத்தான். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை நானே மாற்றிக்கொள்கிறேன். அந்தக் கேண்டிலை மட்டும் ஆன்லைனில்தான் வாங்குகிறேன். கடையில் ஒன்று வாங்குகிற விலைக்கு அங்கே இரண்டு வருகிறது.