கோஸா, கிரெசென்டா? பழைய ஸ்க்ரூ ஸ்பேனர் சேகரிக்க எதில் தொடங்கலாம்

நம் பட்டறைகளில் ஸ்க்ரூ ஸ்பேனர் என்று சொல்கிறோமே, அதில் பழசைத் தேடிச் சேர்க்க நினைப்பவர் முன்னால் இரண்டு பெரிய குடும்பங்கள் நிற்கின்றன. ஒன்று, தாடைகள் கைப்பிடிக்குச் செங்குத்தாக, சுத்தியல் தலை போல நீட்டிக்கொண்டிருக்கும் மங்கி ரிஞ்ச். இன்னொன்று, தாடை சற்றுச் சாய்ந்திருக்கும், இன்றைக்கு எல்லா டூல் பாக்ஸிலும் கிடக்கிற வகை. அமெரிக்கப் பழசுகளில் முதல் வகைக்குக் கோஸ், இரண்டாவதற்குக் கிரெசென்ட் என்று வைத்துக்கொள்ளலாம். கையில் எடுத்ததும் எது தன் வயதைச் சொல்லும் என்று பார்த்தால், என் ஓட்டு கோஸுக்குத்தான்.

மாசசூசெட்ஸ் மாநிலம் வூஸ்டரைச் சேர்ந்த லோரிங் கோஸ் 1841-இல் காப்புரிமை வாங்கினார். தாடையை நகர்த்தும் திருகைத் தண்டுக்குப் பக்கவாட்டில் வைத்து, அதன் அடியில் கைப்பிடியை ஒட்டிச் சொரசொரப்பான ஒரு வளையத்தைப் பொருத்தினார். பிடித்த கையின் கட்டைவிரலாலேயே வளையத்தை உருட்டி, தாடையைக் கூட்டவோ குறைக்கவோ முடிந்தது. மற்றக் கை நட்டைப் பிடிக்க ஓய்வாக இருந்தது. இந்த வளையம் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்து முத்திரை. கோஸ் சகோதரர்கள் சேர்ந்து தொழில் செய்து, 1869-இல் பிரிந்து, லோரிங் ஒரு கம்பெனியும் ஏ.ஜி. கோஸ் ஒரு கம்பெனியும் நடத்தினார்கள். 1888-இல் இரண்டும் கோஸ் ரிஞ்ச் கம்பெனி என ஒன்றாயின. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை சேகரிப்பவருக்கு வரமாகிவிட்டது: தண்டில் குத்தியிருக்கும் பெயரை வைத்தே காலத்தைக் கணிசமாகச் சுருக்கிவிடலாம். 1928-இல் கம்பெனி ஸ்பிரிங்ஃபீல்டின் பெமிஸ் அண்ட் கால் கைக்குப் போனது. கைப்பிடியும் பேசும். பழையவற்றில் பூண் போட்ட உருண்டை மரப்பிடி. பின்னால் வந்தவற்றில் கத்திப்பிடி மாதிரி, இரும்புக்கு இருபுறமும் மரம் வைத்துத் தறைந்திருக்கும்.

கிரெசென்ட் கதை ஸ்வீடனில் தொடங்குகிறது. என்ஷோபிங் ஊரின் யோஹான் பெட்டர் யோஹான்சன் 1892-இல் காப்புரிமை பெற்ற வடிவம்தான் இன்றைய ஸ்க்ரூ ஸ்பேனருக்கு அச்சு. அதை உலகமெங்கும் விற்றது பி.ஏ. ஹியோர்த் கம்பெனி. பாக்கோ என்ற பெயர் அதன் சுருக்கம்தான். நம் வீடுகளில் புஸ் புஸ் என்று எரிந்த பிரைமஸ் ஸ்டவ்வை விற்றதும் இதே ஆட்கள். ஸ்வீடனிலிருந்து குடியேறியவர்கள் நிறைந்த நியூயார்க் மாநில ஜேம்ஸ்டவுனில், அவர்களில் ஒருவரான கார்ல் பீட்டர்சன் 1907-இல் கிரெசென்ட் டூல் கம்பெனியைத் தொடங்கினார்.

கிரெசென்ட் நல்ல கருவி, மறுக்கவில்லை. ஆனால் பல பத்தாண்டுகளாக ஏறக்குறைய ஒரே உருவத்தில் வந்தது. மற்ற கம்பெனிகளும் அதே உருவத்தை எடுத்துக்கொண்டன. ஜேம்ஸ்டவுன் என்ற ஊர்ப் பெயர் தெளிவாகப் படிக்கக் கிடைத்தால் சரி, தேய்ந்திருந்தால் சேகரிப்புக்கு அதில் ஒன்றுமில்லை. 'கிரெஸ்டலாய்' என்று குத்தியிருந்தால் அது பிற்கால அலாய் ஸ்டீல். இந்தக் குடும்பத்தில் நான் தேடுவது இரண்டு முனையிலும் தாடை உள்ள சின்ன ரகத்தை மட்டும்தான்.

பாக்கோவில் ஒரு எச்சரிக்கை: மீனும் தூண்டிலும் உள்ள முத்திரையைப் பார்த்து மயங்க வேண்டாம். அது சாண்ட்விக் கம்பெனியின் பழைய சின்னம். பாக்கோவின் கருவித் தொழிலை சாண்ட்விக் வாங்கியதே 1991-இல்தான், ஆகவே பாக்கோவில் அந்த மீன் இருந்தால் அது அதற்குப் பிந்தையது.

எதை வாங்கினாலும், குத்தியிருக்கும் காப்புரிமைத் தேதியை உற்பத்தித் தேதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தத் தேதிக்கு முன்னால் செய்ததல்ல என்பதற்கு மட்டுமே அது சாட்சி. பழைய தேதியையே பல வருடம் குத்திக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கச் சட்டம் 1927-இல் மாறி, தேதிக்குப் பதில் காப்புரிமை எண் வந்தது. ஆகவே எண் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது.

சுத்தம் செய்வதில் கிரெசென்டுக்கு ஒரு மதிப்பெண் கூடுதல். முழு இரும்பு என்பதால் வினிகரில் ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து எண்ணெய் போட்டால் முடிந்தது. மரப்பிடி கோஸை அப்படி முக்கக் கூடாது. மரம் உப்பி, பூண் தளர்ந்துவிடும். துருவை எண்ணெயும் மெல்லிய ஸ்டீல் வூலும் (இரும்பு நார்) வைத்துப் பொறுமையாக எடுத்து, மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் தடவினால் போதும். கிரைண்டரில் வயர் பிரஷ் போட்டுப் பளபளப்பாக்கியதை எந்தக் குடும்பத்திலும் நான் வாங்க மாட்டேன். முத்திரையின் விளிம்பு முதலில் மழுங்குவது அங்கேதான்.

ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், வளையம் தடையில்லாமல் சுற்றுகிற, தாடை வளையாத, பெயர் படிக்கிற மாதிரி உள்ள 10 அல்லது 12 அங்குல கோஸை வாங்குங்கள். பிடியில் சின்ன வெடிப்பு இருந்தாலும் பரவாயில்லை. யாரோ புதுப் பிடி மாட்டியிருந்தால் மட்டும் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.