பாலிமர் களிமண்ணில் பொன்வண்டு: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

ஓவனில் சுட்டால் இறுகும் பிளாஸ்டிக் வகைப் பொருளான பாலிமர் களிமண்ணில் சில ஆண்டுகளாகப் பூச்சி உருவங்கள் செய்துவருகிறேன். இப்பொருளால் எது முடியும், எது முடியாது என்பதை எனக்குத் தெளிவாகக் காட்டியது பொன்வண்டுதான்.

பொன்வண்டின் பச்சை, சாயத்தால் வருவதன்று. மேலோட்டின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றுவது என்பதால், பார்க்கும் கோணத்துக்கேற்ப நிறமும் மாறுகிறது. மெட்டாலிக் அக்ரிலிக் வண்ணம் எப்பக்கமிருந்து பார்த்தாலும் ஒரேபோல் மின்னுவதால், எவ்வளவு நுட்பமாகச் செய்த வண்டும் பொம்மையாகவே தெரிகிறது. காக்காப்பொன் எனப்படும் மைக்காவின் பவுடரிலோ, மைக்காச் செதில்களின் மீதுள்ள மெல்லிய டைட்டானியம் டை ஆக்சைடு பூச்சு ஏறக்குறைய அதே முறையில் நிறத்தை உண்டாக்குகிறது. கறுப்புக் களிமண்ணில் உடலைச் செய்து, கழுத்துப் பகுதியின் குழிகளை ஊசியால் குத்தி, சுடுவதற்கு முன்பே பவுடரை விரலால் தேய்த்துவிட்டால், ஊடுருவும் ஒளியைக் கறுப்பு உள்வாங்கிக்கொள்ள, பச்சை ஆழமாக எழுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே இக்களிமண்ணை மனமாரப் பரிந்துரைப்பேன். இத்தனை ஆண்டுகளில் அந்நிறம் மங்கவில்லை.

பவுடர் கைபட்டு உதிராமலிருக்க வார்னிஷ் தேவை. கரைப்பான் கலந்த சில ஸ்பிரே வார்னிஷ்கள் இக்களிமண்ணோடு வினைபுரிந்து மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். நீரில் கரையும் பாலியூரிதேன் வார்னிஷ் அவ்வாறு ஆவதில்லை.

உருவம் நெடுநாள் நிற்பது சுடுவதைப் பொறுத்தது. இக்களிமண், பிவிசி பிளாஸ்டிக் துகள்களும் அவற்றைக் குழைவாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசரும் சேர்ந்த பொருள். களிமண் பிராண்டுகளில் ஃபைமோவுக்கு 110 டிகிரி செல்சியஸ், ஸ்கல்பி பிரீமோவுக்கு 130 டிகிரி, இரண்டுக்கும் குறைந்தது அரைமணி நேரம் வேண்டும். வெப்பம் குறைந்தால் மெல்லிய பாகங்கள் பின்னாளில் முறியும். மிகுந்தால் கருகி, ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளிவிடும். வீட்டு ஓவனின் குமிழ் காட்டும் அளவை நம்பாமல், உள்ளே தனி வெப்பமானி வைப்பது நல்லது.

கால்களைக் களிமண்ணால் மட்டும் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆறு கால்களும் மார்புப் பகுதியின் அடியிலிருந்தே புறப்பட வேண்டும். பித்தளைக் கம்பியை அங்கே ஆழமாக ஊன்றி, ஒவ்வொரு காலின் தொடைக்கும் அதன் கீழ்ப்பகுதிக்கும் மட்டும் களிமண் போர்த்தினால், ஆண்டுகள் கடந்தும் அசையாமல் நிற்கின்றன. ரம்பப் பல் போன்ற உணர்கொம்புக்கும் கம்பியே சிறந்தது. பறக்கும் நிலையில் அமைத்தவற்றில், புற ஊதா ஒளியில் இறுகும் யுவி ரெசின் பூசிய உள்ளிறகுகள் மஞ்சளித்துவிட்டன; ஓஹெச்பி தாள் என்னும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் வெட்டியவை தெளிவு குறையாமல் இருக்கின்றன.

சுடாத களிமண்ணைச் சேமிக்க, அடியில் 5 என்ற குறியுள்ள பாலிபுரொப்பிலீன் டப்பாவே ஏற்றது. பாலிஸ்டைரீன் டப்பாவைப் பிளாஸ்டிசைசர் இளக்கிவிடும். நம் கோடை வெப்பத்தில் களிமண் கட்டி சிறிது சிறிதாக இறுகத் தொடங்குவதால், வாங்கும்போதே உறையின் மேல் விரலால் அழுத்திப் பார்த்து, குழைவாக இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.